விரல் நம்முடையது, ரேகை யாருடையது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே புது மாதிரியான ஆலைகள் எழும்பியிருக்கின்றன. புகைபோக்கி கிடையாது. ஷிப்டுச் சங்கு கிடையாது. காலையிலே ஆயிரம் சைக்கிள் வந்து நிற்கும் காட்சியும் கிடையாது. உயர்ந்த மதில், வாசலிலே காவல், கூரைமேலே குளிரூட்டும் எந்திரங்கள், பின்கட்டிலே வரிசையாக ஜெனரேட்டர்கள். வெளியே நிற்பவன் கண்ணுக்குப் படுவது இவ்வளவுதான். டேட்டா சென்டர் என்று பெயர். ஜப்பானியக் கம்பெனியான என்.டி.டி. 2023-லே ஒன்றைத் திறந்தது. ரிலையன்சும் புரூக்ஃபீல்டும் டிஜிட்டல் ரியால்டியும் கூட்டுச் சேர்ந்து 2024 ஜனவரியிலே 10 ஏக்கரிலே இன்னொன்றைத் திறந்தன. முதல் கட்டத்துக்கு 20 மெகாவாட் மின்சாரம். முழுதும் கட்டி முடித்தால் 100 மெகாவாட் வரை போகுமாம்.

1964-லே தொழிற்பேட்டை பிறந்தபோது இங்கே வந்தவை லேத்துப் பட்டறைகள், பவுண்டரிகள், பிரஸ் ஷாப்புகள். டி.ஐ. சைக்கிளும் டன்லப்பும் அதற்கு முன்பே வந்துவிட்டன. இரும்பு உள்ளே போகும்; உதிரி பாகம் வெளியே வரும். ரப்பர் உள்ளே போகும். டயர் வெளியே வரும். இந்தப் புது ஆலைகளுக்குள்ளே கச்சாப் பொருளாகப் போவது எது? உங்கள் பெயர், என் பெயர், நம் பிள்ளைகளின் பெயர். பாங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, கைரேகை, முகம். எந்தக் கட்டடத்தின் எந்த அடுக்கிலே எவருடைய விவரம் கிடக்கிறது என்று வெளியே இருப்பவன் சொல்ல முடியாது. ஆனால் உலகத்தின் எந்த மூலையிலாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே நாம் கிடக்கிறோம் என்பது நிச்சயம். சில சமயம் நம் வீட்டுக்கு அரை மைல் தூரத்திலேயே கிடக்கிறோம்.

இதைப் பற்றிப் படித்தவர்கள் மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். வக்கீல்கள் பேசுகிறார்கள், கம்பெனிக்காரர்கள் பேசுகிறார்கள். தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது, தோழர்களே! நிரம்பவே இருக்கிறது.

வாசலிலே ஒரு பெட்டி

மண்ணூர்ப்பேட்டையிலே ஆகட்டும், பட்டரவாக்கத்திலே ஆகட்டும், பூந்தமல்லிச் சாலையோரத்துக் கிடங்குகளிலே ஆகட்டும், டோக்கன் பலகை தொங்கிய இடத்திலே இன்று கையகலப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். விரலை வை, அல்லது முகத்தைக் காட்டு. பச்சை எரிந்தால் உள்ளே போ. சிவப்பு எரிந்தால் சட்டையிலே துடைத்துக்கொண்டு மறுபடி வை. லேத்திலே இருபது வருஷம் நின்றவன் விரல் கூலண்டிலும் கட்டிங் ஆயிலிலும் ஊறி ஊறி ரேகை தேய்ந்து போயிருக்கும். கொத்தனார் விரலும் அப்படியே. பாத்திரம் தேய்க்கும் நம் வீட்டுப் பெண்களின் விரலும் அப்படியே. உழைத்ததனால் தேய்ந்த விரலைப் பார்த்து அந்தப் பெட்டி, 'நீ நீயல்ல' என்கிறது!

நாம் எந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. வருகையைக் குறிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்திரத்திலே நேரம் சரியாகப் பதிவானால் ஓ.டி. கணக்கிலே மேஸ்திரி கை வைக்க முடியாது. அதுவும் நமக்கு நல்லதே. நாம் கேட்பது வேறு. வைத்த விரல் எங்கே போகிறது? பெட்டியோடு நிற்கிறதா, கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் போகிறதா, பெட்டியை விற்றவனிடம் போகிறதா? கண்டிராக்டர் மாறுகிறான்; பழைய பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகிறான். அதற்குள்ளே இருந்த இருநூறு பேர் விரல்கள் என்னவாயின? வேலையை விட்டுப் போன பிறகும் எத்தனை வருஷம் நம் முகம் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்? கேட்டுப் பாருங்கள். மேனேஜருக்கும் தெரியாது, கண்டிராக்டருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு எழுந்ததில்லை.

பெட்டி மட்டுமா? வேலைக்குச் சேரும் நாளிலே ஆதார் நகல் இரண்டு, பாங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஒன்று, போட்டோ நான்கு, வைத்திய சர்ட்டிபிகேட் ஒன்று. எல்லாம் ஒரு கண்டிராக்டரின் மேசை அறைக்குள்ளே போகின்றன. அந்த மேசையைப் பூட்டுவார்களா என்பதே சந்தேகம். நாளைக்கு அந்த நகலிலேயே டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இதிலே ஒரு வேடிக்கை நடந்தது. 2022 மே 27-ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் எச்சரிக்கை விட்டது: ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படலாம், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று. நல்ல யோசனைதான். இரண்டே நாளில், 29-ஆம் தேதி, 'மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்' என்று சொல்லி அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மக்களா தவறாகப் புரிந்துகொண்டார்கள்? சரியாகப் புரிந்துகொண்டுவிடுவார்களோ என்ற பயம் அல்லவா அது! வாபஸ் வாங்கினாலும் மறைப்பு ஆதார் என்னும் வசதி இன்றும் இருக்கிறது. ஆணையத்தின் வலைத்தளத்திலே காசில்லாமல் எடுக்கலாம். சங்க அலுவலகத்திலே இளைஞர் ஒருவர் உட்கார்ந்து பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுத்தால், ஒரு மணி நேரத்திலே முடிகிற காரியம்.

பூட்டு திருட்டுப் போனால் பூட்டை மாற்றலாம். விரல் திருட்டுப் போனால்? 2018-லே தெலங்கானாவிலே பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு வார்த்து, முன்பின் தெரியாதவர் பெயரிலே சிம் கார்டுகளை உயிர்ப்பித்ததாக ஓர் ஆளைப் போலீசார் பிடித்தார்கள். அதற்குப் பின்னர் அதே உபாயத்திலே, ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் வழியாகப் பாங்கிக் கணக்குகளைக் காலி செய்த வழக்குகள் பல மாநிலங்களிலே வந்தன. பத்திரத்திலே ரேகை வைத்தவன் நிலம் வாங்கியவன். நிலத்தைப் பத்திரப்படுத்தினான், விரலைப் பறிகொடுத்தான்.

ரேகை என்றால் அஞ்சிய காலம்

ரேகை கொடு என்று சர்க்கார் கேட்பதும், மாட்டேன் என்று மக்கள் சொல்வதும் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1871-லே வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலே பாய்ந்தது. மதுரைச் சீமையிலே மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். பிறந்த சாதியே குற்றம். ஆண்பிள்ளைகள் ரேகை பதிக்க வேண்டும். ராத்திரியிலே போலீஸ் சொன்ன இடத்திலே வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரிலே ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கி பேசியது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் என்னும் பெண்ணையும் ஊர் இன்றுவரை அந்தத் தியாகிகளோடு சேர்த்தே வணங்குகிறது. சென்னை மாகாணத்திலே சட்டம் ஒழிந்தது 1947-லே.

கடல் கடந்தும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலே, ஆசியாக்காரர் எல்லாரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1906-லும் 1907-லும் சட்டம் வந்தது. காந்தியாரோடு முன்னணியிலே நின்றவர்களில் தமிழர் பலர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மொரீஷியசிலே பிறந்த தம்பி நாயுடு. 1908 ஆரம்பத்திலே காந்தியார் ஒரு சமரசத்துக்கு வந்தார். 'கட்டாயமாகக் கொடுக்க மாட்டோம். சட்டத்தை நீக்கினால் மனமுவந்து கொடுப்போம்' என்றார். நம்மவர்களிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. ரேகை கொடுக்கப் போன வழியிலேயே காந்தியாரை அடித்தார்கள். தடுக்கப் போன தம்பி நாயுடுவும் அடிபட்டார். கடைசியிலே ஆட்சியாளர்கள் சட்டத்தை நீக்கவில்லை. 1908 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜொகன்னஸ்பர்க் மசூதி முன்னால் பெரிய கொப்பரை வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, 2000-க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தினார்கள்.

கவனியுங்கள். அன்றைய தகராறு விரலைப் பற்றியது அல்ல; சம்மதத்தைப் பற்றியது. மனமுவந்து கொடுப்பது வேறு, கழுத்தைப் பிடித்து வாங்குவது வேறு. நூறு வருஷத்துக்குப் பின் நம் வாசலிலே இருக்கும் பெட்டிக்கும் அதே கேள்விதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே துண்டு என்று ஒன்று இருந்தது. தொழிலாளிக்கு இவ்வளவு கடன் பாக்கி என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்திலே வேலைக்குச் சேர முடியாது. கடனைத் தீர்ப்பவன் எவனோ அவனிடம் துண்டு போகும். துண்டு போன இடத்துக்கு ஆளும் போவான். துண்டிலே என்ன எழுதியிருக்கிறது என்பது எழுதப்படிக்கத் தெரியாத அந்த ஆளுக்குத் தெரியாது. 1921-லே அதையும் ஒழித்தார்கள். இன்று வேலைக்கு ஆள் எடுக்குமுன் பழைய கம்பெனியிலே விசாரித்துக் கொடுக்கவே ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டிலே நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? நமக்கு எழுதப்படிக்கத் தெரியும். ஆனால் காட்ட மாட்டார்கள்.

கோர்ட்டு சொன்னதும் சர்க்கார் செய்ததும்

சுப்ரீம் கோர்ட்டு இந்த விஷயத்திலே நெடுங்காலம் தடுமாறியது. 1954-லே எட்டு நீதிபதிகள், 1962-லே ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையோர், அந்தரங்கம் என்னும் உரிமை அரசியல் சாசனத்திலே இல்லை என்ற பொருள்படச் சொன்னார்கள். 1962 வழக்கு கரக் சிங் என்பவருடையது. கொள்ளை வழக்கிலே சாட்சியம் இல்லாமல் விடுதலையான மனிதர்; இருந்தும் போலீஸ் அவரை விடாமல் ராத்திரி ராத்திரியாக வீட்டுக் கதவைத் தட்டியது. கதவைத் தட்டக்கூடாது என்றது கோர்ட்டு. ஆனால் அந்தரங்க உரிமை இல்லை என்றும் சொன்னது!

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு இதிலே திருப்பம். ஆட்டோ சங்கரை எல்லாருக்கும் தெரியும். தூக்குத் தண்டனைக் கைதியாகச் சிறையிலிருந்து அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தது. அதிகாரிகள் சிலரின் பெயர் அதிலே வருகிறது என்றதும் தடை போடப் பார்த்தார்கள். 1994 அக்டோபர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குடிமகனுக்குத் தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் பொது ஊழியர்கள் தங்கள் உத்தியோகக் காரியங்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. எவ்வளவு தெளிவான தீர்ப்பு! ஏழையின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள். அதிகாரியின் அலுவலகக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2012-லே கர்நாடக ஹைகோர்ட்டிலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பது தாண்டிய கிழவர், ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். 2015-லே மத்திய சர்க்காரின் தலைமை வக்கீல் கோர்ட்டிலே எழுந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று அந்தப் பழைய தீர்ப்புகளைக் காட்டி வாதாடினார். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலிலே அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சொல்லி அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தார்கள். 2018 செப்டம்பர் 26-லே ஆதார் சட்டம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கிலே பிழைத்தது. ஆனால் தனியார் கம்பெனிகள் இஷ்டம்போல் ஆதார் கேட்க வழிவிட்ட 57-வது பிரிவின் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். (கம்பெனிகள் கேட்பதை நிறுத்தினவா என்று கேட்காதீர்கள்.)

உரிமை என்று கோர்ட்டு சொன்ன பின் அதற்கு வேலி போடச் சட்டம் வேண்டுமல்லவா? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலே குழு போட்டார்கள். 2018-லே அது நகல் கொடுத்தது. 2019-லே ஒரு மசோதா. 2022-லே அது வாபஸ். 2023 ஆகஸ்டிலே வேறொரு மசோதா, குரல் வாக்கெடுப்பிலே நிறைவேறியது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. பெயர் நீளம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஷரத்து ஷரத்தாகப் பார்த்தவர்கள் நம் பக்கத்திலே குறைவு. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2019 மசோதாவின் 13-வது ஷரத்திலே, வருகைப் பதிவு முதலிய வேலை சம்பந்தமான காரியங்களுக்கு முதலாளி சம்மதம் கேட்காமல் விவரம் எடுக்கலாம் என்று இருந்தது. ஆனால் ஒரு கட்டு இருந்தது: நுண்ணிய விவரங்கள் நீங்கலாக. கைரேகை, முகம், நோய், சாதி, அரசியல் நம்பிக்கை எல்லாம் நுண்ணிய விவரங்கள். ஆகவே அந்த ஷரத்தைக் காட்டி விரலைக் கேட்க முடியாது. 2023 சட்டத்திலே நுண்ணிய விவரம் என்ற தனி வகையையே எடுத்துவிட்டார்கள். 7-வது பிரிவிலே, வேலைவாய்ப்பின் பொருட்டும், முதலாளியை நஷ்டத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதன் பொருட்டும் சம்மதமின்றியே விவரங்களைக் கையாளலாம் என்று எழுதிவிட்டார்கள். 'முதலாளியைக் காப்பதன் பொருட்டு' என்ற வாசகத்திலே எதைத்தான் அடக்க முடியாது? கேன்டீனிலே காமிரா முதலாளியைக் காப்பதற்கு. செல்போனிலே இருப்பிடம் காட்டும் ஆப் முதலாளியைக் காப்பதற்கு. சங்கக் கூட்டத்துக்கு எவன் போனான் என்ற கணக்கும் முதலாளியைக் காப்பதற்கே என்று ஒருநாள் சொல்ல மாட்டார்களா?

இன்னும் கேளுங்கள். விவரம் எடுக்குமுன் அறிவிப்புத் தர வேண்டும் என்ற கடமை, சம்மதம் கேட்டு எடுக்கும் விவரத்துக்குத்தான். என்ன வைத்திருக்கிறாய் காட்டு, தப்பைத் திருத்து, அழி என்று கேட்கும் உரிமையும் அப்படியே. சம்மதமே கேட்காமல் எடுத்தால், காட்டவும் வேண்டாம், அழி என்று கேட்கவும் முடியாது! கதவை உடைத்து வந்தவனுக்குக் குறைந்த விதி. கதவைத் தட்டி வந்தவனுக்குக் கூடுதல் விதி.

ஐரோப்பிய யூனியனின் சட்டத்திலே தொழிற்சங்க அங்கத்தினர் என்ற விவரமே தனிப் பாதுகாப்புப் பெற்ற நுண்ணிய விவரம். நம் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் பட்டியலிலே சாதி இருந்தது, மதம் இருந்தது, தொழிற்சங்கம் இல்லை. குழுவிலே தொழிலாளி எவரும் உட்காரவில்லை, ஆகையால் விட்டுப்போனதிலே வியப்பில்லை.

நஷ்டம் நமக்கு, அபராதம் கஜானாவுக்கு

பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலே 43ஏ என்று ஒரு பிரிவு. கைரேகையோ வைத்திய விவரமோ கம்பெனியின் அஜாக்கிரதையாலே வெளியே போய், அதனால் ஒருவனுக்கு நஷ்டம் வந்தால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். அதிகம் பயன்படாத பிரிவுதான். இருந்தாலும் ஏட்டிலே இருந்தது. புதுச் சட்டம் அதை நீக்குகிறது. பதிலாக 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று பறை சாற்றுகிறார்கள். அந்த 250 கோடி யாருக்கு? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. விவரம் பறிபோனவனுக்குக் காலணா கிடையாது. அவனுக்குக் கொடுத்திருப்பது ஒன்றுதான்: பொய்ப் புகார், அற்பப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அவன் அபராதம் கட்டலாம்!

இது எங்கோ நடக்கும் காரியம் அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமிலே கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரிலே ராய்ட்டர் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. திருடியதாகச் சொன்னவன் 3.1 கோடிப் பேர் விவரம் என்றான். என்ன நோய், என்ன பரிசோதனை, எவ்வளவு கிளெய்ம் என்ற காகிதங்கள் உள்பட! கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. கம்பெனிக்கு நேர்ந்தது திருட்டு, வாஸ்தவம். அந்த நோயாளிகளுக்கு நேர்ந்தது?

சர்க்கார் பெட்டகம் மட்டும் பத்திரமா? தமிழ்நாட்டு ரேஷன் விவரங்களிலே சுமார் 50 லட்சம் பேருடையவை வெளியே உலவுவதாக 2021-லே செய்தி வந்தது. 2024 மே மாதத்திலே தமிழ்நாட்டுப் போலீசின் முகம் அறியும் மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்தான். ஓர் உபயோகிப்பாளரின் கடவுச்சொல் திருட்டுப் போனதுதான் வழி. திருடனைப் பிடிக்க வைத்த பெட்டியிலேயே திருடன்! 2022 ஆகஸ்டிலே உக்ரைன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர், பி.எப். நம்பரோடு கூடிய 28 கோடிப் பதிவுகள் பூட்டில்லாமல் திறந்து கிடப்பதைக் கண்டு சொன்னார். ஒரு நாளுக்குள்ளே அவை மறைந்தன. அம்பத்தூரிலே பி.எப். அலுவலகப் படிக்கட்டிலே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் பத்து நடை நடக்கும் தொழிலாளிக்கு, அவன் நம்பர் ஆகாயத்திலே பறந்தது தெரியுமா?

'ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?' என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. கேட்பவர் வீட்டிலே ஜன்னலுக்குத் திரை போட்டிருப்பார்! காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவன் அதை மேஸ்திரியிடம் சொல்ல விரும்பாதது குற்றமா? மாசமாக இருக்கும் பெண் மூன்றாம் மாதத்திலேயே கண்டிராக்டருக்குத் தெரிந்து வேலை போகக்கூடாது என்று நினைப்பது குற்றமா? அவசரத்துக்கு ஆப்பிலே 5,000 ரூபாய் வாங்கியவனின் போனிலிருந்து மாமன், மச்சான், மகளின் நம்பர் வரை சுரண்டிக்கொண்டு, படத்தை ஆபாசமாக ஒட்டி அனுப்பி மிரட்டினார்களே, அவனா குற்றவாளி? (கடன் ஆப்புகள் போனிலுள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் பாங்கு 2022 செப்டம்பரிலே விதி போட்டது. விதிக்கு அடங்காத ஆப்புகளுக்கு விதி எந்த மட்டும்?)

இனி ஆட்டோ சங்கர் வழக்குக்கு வருவோம். அதிகாரி தன் உத்தியோகக் காரியத்துக்கு அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது என்றார்கள் அல்லவா? புதுச் சட்டத்தின் 44-வது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கிவிட்டது. முன்பு, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரத்தைத்தான் மறுக்கலாம். பார்லிமெண்டுக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது. இப்போது 'தனிநபர் விவரம்' என்ற இரண்டே சொல் போதும், மறுத்துவிடலாம். நகராட்சிக் குப்பை வண்டியிலே கண்டிராக்டர் எத்தனை பேரை நிஜமாக வைத்திருக்கிறான், எத்தனை பேர் காகிதத்திலே மட்டும் இருக்கிறார்கள் என்று மஸ்டர் ரோல் கேட்டால், 'தனிநபர் விவரம், தர முடியாது' என்று பதில் வரலாம். ராஜஸ்தானத்து ஏழைகள் மஸ்டர் ரோலை ஊர் நடுவிலே வாசிக்க வைத்துத்தான் அந்தத் தகவல் உரிமைப் போராட்டமே வளர்ந்தது. பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று 8(2) இருக்கிறதே என்கிறார் மந்திரி. கொடுக்கலாம் என்று இருக்கிறது, வாஸ்தவம். கொடுப்பாரா என்பது நாற்காலியிலே இருப்பவர் மனசு.

இதிலே ஒரு வேகத்தையும் பார்க்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரிலே வெளியாயின. தகவல் உரிமையைச் சுருக்கிய பகுதி அப்போதே அமுலுக்கு வந்துவிட்டது. நம்மைக் காப்பதாகச் சொல்லும் பகுதிகளுக்கு 18 மாதம் தவணை. 2027 மே மாதம்! சாவியைப் பிடுங்குவது இன்றைக்கு, பூட்டுப் போடுவது ஒன்றரை வருஷம் கழித்து.

வேறு நாட்டிலே எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனியிலே நூரம்பர்க் நகரத்து எச் அண்ட் எம் துணிக் கம்பெனியின் சேவை மையத்திலே, லீவு முடிந்து வரும் தொழிலாளியை மேலதிகாரி பிரியமாகக் கூப்பிட்டு, எப்படியிருக்கிறாய், என்ன நோய், வீட்டிலே என்ன தகராறு என்று பேச்சுக் கொடுப்பார். பேசி முடித்ததும் கம்ப்யூட்டரிலே எழுதி வைப்பார். பல வருஷம் நடந்தது. 2019 அக்டோபரிலே கம்ப்யூட்டர் கோளாறிலே அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் கம்பெனி முழுவதும் கண்ணுக்குப் பட்டுவிட்டன. 2020-லே விதித்த அபராதம் 3.5 கோடி யூரோவுக்கு மேல். அதைவிட முக்கியம், கம்பெனி தொழிலாளிகளிடம் மன்னிப்புக் கேட்டு அவர்களுக்கும் பணம் கொடுத்தது. அந்த நாட்டிலே 1972-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, தொழிலாளியின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கும் எந்த எந்திரத்தையும் தொழிலாளர் கவுன்சிலின் ஒப்புதலின்றி மாட்டக்கூடாது என்கிறது. கம்ப்யூட்டர் அறை அளவுக்குப் பெரிதாக இருந்த காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலே அப்படிச் சட்டம் இல்லை. 2025 அக்டோபரிலே, ஒடிசாவிலுள்ள ஒரு மத்திய சர்க்கார் அலுவலக வழக்கிலே, ஊழியர்களைக் கலந்து பேசவில்லை என்பதற்காக மட்டும் ரேகை வருகைப் பதிவு சட்டவிரோதமாகிவிடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் தராததை ஒப்பந்தம் தரும் என்பது நமக்குத் தெரியாததா? 12(3) என்றும் 18(1) என்றும் நாம் பழகிய ஒப்பந்தங்கள், 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு வந்ததனால் நம்பர் மாறியிருக்கின்றன. ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருக்கிறது. பஞ்சப்படிக்கும் போனசுக்கும் பேசும் மேசையிலேயே இதையும் பேசலாம். பெட்டி யாருடையது, விரல் அதற்குள்ளே நிற்கிறதா வெளியே போகிறதா, வேலையை விட்ட எத்தனை நாளிலே அழிப்பார்கள், விரல் தேய்ந்தவனுக்குக் கையெழுத்து ரிஜிஸ்தர் உண்டா, கண்டிராக்ட் தொழிலாளிக்கும் இதே விதியா, பெட்டியின் கணக்கை மட்டும் வைத்து ஒருவனுக்குச் சம்பளம் பிடிக்கலாமா என்பதெல்லாம் எழுத்திலே வரட்டும். சங்கத்தார் எவர், எவரோடு பேசினார் என்று எந்தக் காமிராவைக் கொண்டும் கணக்கெடுப்பதில்லை என்று ஒரு வரியும் சேரட்டும். அதற்கு முதலாளி தயங்கினால், தயக்கமே பதில்.

ஒப்பந்தம் முடிய மாதங்கள் ஆகும். அதற்கு முன்னே ஒரு கடிதம் எழுதலாம். 'எங்கள் அங்கத்தினர்களின் கைரேகை, முகம், வைத்தியச் சீட்டு ஆகியவற்றை எங்கே, எவர் பொறுப்பிலே வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டு ரிஜிஸ்தர் தபாலிலே மேனேஜ்மென்டுக்கு அனுப்புங்கள். கண்டிராக்டருக்கும் ஒரு நகல். பதில் வராது என்பீர்கள். வராவிட்டாலும் அனுப்பிய ரசீதைச் சங்க அலுவலகப் பைலிலே பத்திரமாக வையுங்கள். 2027 மே வரை 43ஏ உயிரோடிருக்கிறது. நாளைக்கு அந்தப் பெட்டியிலிருந்து எவன் விரலாவது வெளியே போனால், முன்பே எச்சரித்தோம் என்று காட்ட அந்த ரசீது வேண்டும்.